பசுவூன் விடுத்துப் பறவையூன் கொள்வார் கூற்று மறுப்பு

அமெரிக்க ஐக்கிய நாட்டு இல்லங்களிலே நாள்தோறும் சமைக்கப்படும் உணவுகளுட் பல கொத்திறைச்சியை முதலாகக் கொண்டன. பர்கர் எனப்படும் ரொட்டியினிடையே வைக்கும் ஊன்தட்டையும், டாக்கோ எனப்படும் சோள ரொட்டியுள் மடித்து வைக்கும் பூரணமும், மிளகாயும் தக்காளியும் பெய்து காய்ச்சும் சில்லி என்னும் குழம்பும் நெடுங்காலமாக மாட்டின் ஊனை அரைத்தே செய்யப்பட்டு வந்தன. அவ்வூனிலுள்ள கொழுப்பு நெஞ்சநோய்க்கு ஏதுவாமென மருத்துவநூலார் எடுத்துரைக்கவே, அதற்கு மாற்றாக வான்கோழியின் கொத்திறைச்சி அந்நாட்டு அடுக்களையுட் புகுந்தது. 2015-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், உப்பிட்டும் புகையூட்டியும் பதஞ்செய்த ஊனைப் புற்றுநோய் விளைப்பனவற்றுள்ளும், மாடு ஆடு பன்றி முதலியவற்றின் செவ்வூனை அந்நோய் விளைத்தல் கூடுமென்று கருதப்படுவனவற்றுள்ளும் வைத்து வகுத்தது. பறவையூனே நன்றென்பார்க்கு அது மற்றுமொரு துணையாயிற்று. மறுவாண்டிலே, பட்டாணி கோதுமை முதலியவற்றின் புரதத்தைக் கொண்டு ஊனின் நிறமும் சுவையும் தோன்றச் செய்த தாவரப் போலியூன்களும் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தன. இம்மூன்றனுள் நாளுணவுக்கு ஏற்றது யாது என்பதே இன்று அங்கு நிகழும் வழக்கு.

அவ்வழக்கு கடல் கடந்த நாட்டாரது வழக்கென்று சைவநன்மக்கள் ஒதுக்கிவிடற்பாலதன்று. அந்நாட்டிற் குடியேறி வாழும் சைவர் பலர் உளர். அவருட் சிலர், “பசுவைப் போற்றும் மரபிற் பிறந்தோர் பசுவூனைத் தீண்டலாகாது, வான்கோழியூனை உண்ணின் இழுக்கில்லை, அஃது உடம்பிற்கும் நன்று” என்று கூறித் தம் மக்களுக்கும் அதனை ஊட்டுகின்றனர். வேறு சிலரோ, “ஊன்போலத் தோன்றுவதும் ஊனேயாம், ஆதலின் தாவரப் போலியூனும் வான்கோழியூனோடு ஒருங்கு விலக்கற்பாலது” என்கின்றனர். முன்னையோர் விலக்கற்பாலதனைக் கொண்டார். பின்னையோர் கொலையுடையதனையும் கொலையில்லதனையும் ஒன்றென மயங்கினார். இவ்விரு கூற்றும் முறையே ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண், வான்கோழியூன் உடம்பிற்கு நன்றென்னும் கூற்றினை நோக்குக. கொத்திறைச்சியின் கொழுப்பளவு, அஃது எவ்விலங்கினது என்பதனால் மட்டும் அமைவதன்று; தோலும் கொழுப்பும் எத்துணைச் சேர்த்து அரைக்கப்பட்டன என்பதனாலும் அமைவது. நூற்றுக்கு 7 பங்கு கொழுப்புடைய வான்கோழிக் கொத்திறைச்சியையும் அவ்வாறே 7 பங்கு கொழுப்புடைய மாட்டுக் கொத்திறைச்சியையும் ஒருங்கு வைத்து நோக்கின், மொத்தக் கொழுப்பில் வேற்றுமை இல்லை. நிறைவுற்ற கொழுப்பு முன்னதிற் சிறிது குறைவு. கொலஸ்டிராலோ முன்னதிற் குறைந்ததன்று. 15 பங்கு கொழுப்புடைய வான்கோழிக் கொத்திறைச்சியோ 7 பங்குடைய மாட்டூனினும் கொழுப்பு மிக்கது. இவற்றை அறியாது, வான்கோழி என்னும் பெயரளவானே நலமுடைத்தென்று துணிதல், பையின்மேல் எழுதியதைக் கண்டு உள்ளிருப்பதைத் துணிதல் போலும். செவ்வூனைக் குறைத்தலால் வரும் நன்மை உண்டெனினும், அந்நன்மை செவ்வூனை விட்டதனால் வந்ததேயன்றி வான்கோழியை உண்டதனால் வந்ததன்று. அவ்விடத்துப் பயறு புகினும் அந்நன்மை வரும். அதனின் மிகுந்தும் வரும்.

இனி, உடம்பைவிட்டு உயிரை நோக்குக. இவ்வழக்கிலே கொழுப்பை நிறுத்தார், புரதத்தை நிறுத்தார், விலையை நிறுத்தார், கொல்லப்படும் உயிரை எண்ணுவார் அரியராயினர். ஒரு மாட்டினின்று கிடைக்கும் ஊன் 200 கிலோவிற்குக் குறையாது. ஒரு வான்கோழியினின்று கிடைக்கும் எலும்பில்லாத ஊன் ஏறத்தாழ 8 கிலோ. ஒரு குடும்பத்தார் வாரந்தோறும் ஒரு கிலோ கொத்திறைச்சி சமைப்பரெனக் கொள்வோம். நான்காண்டில் அவர்க்கு வேண்டுவது 208 கிலோ. அது மாட்டூனாயின் அவர்பொருட்டு வீழ்வது ஓருயிர். வான்கோழியூனாயின் வீழ்வன 26 உயிர்கள். ஓருயிரைக் கொல்லாது விடுத்தேம் என்று மகிழ்வார், அதன் ஈடாக இருபத்தாறுயிரைக் கொல்வித்தமையை அறிந்திலர். அற்றேல், மாட்டூனை உண்க என்றவாறாயிற்றோ எனின், அன்று. ஒருவனைக் கொன்ற பழிக்கு அஞ்சி இருபத்தறுவரைக் கொன்றான் ஒருவனை இகழுங்கால், முன்னைக் கொலையை உடன்பட்டதாகாமை போல என்க. ஊனொடு ஊனை நிறுத்து ஒன்றைத் தெரிந்தெடுக்கும் துலாக்கோலே பிழையுடைத்து என்பதே ஈண்டுக் கருத்து.

அவ்வுயிர்கள் வாழும் வாழ்வும் சாகும் சாவும் எத்தகையன என்பதும் அறியற்பாலது. வான்கோழி வட அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட பறவை. மெக்சிகோ நாட்டுப் பழங்குடிகள் அதனைப் பழக்கி வளர்த்தனர். ஆங்கிலர் அதற்குத் துருக்கிநாட்டின் பெயரை இட்டு வழங்கியது பிறப்பிடமறியாத பிழை. இன்று பண்ணைகளில் வளர்க்கப்படும் வெண்ணிற வான்கோழியோ, மார்பூன் பெருகுமாறு தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டு, ஆணும் பெண்ணும் இயல்பாகக் கூடவும் இயலாத உடம்புடையதாயிற்று. செயற்கைமுறையாற் கருவூட்டியே அவ்வினம் பெருக்கப்படுகின்றது. பல்லாண்டு வாழவல்ல அப்பறவை நான்கைந்து திங்களிற் கொல்லப்படுகின்றது. ஆண்டுதோறும் அந்நாட்டில் வளர்க்கப்படும் வான்கோழிகள் ஏறத்தாழ 20 கோடி. 1958-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு, கொல்லுங்கால் விலங்குகளை முன்னர் உணர்விழப்பித்தே கொல்லல் வேண்டுமெனச் சட்டமொன்று வகுத்தது. அது மாடு பன்றி ஆடு முதலியவற்றிற்கு வழங்குமேயன்றிக் கோழிக்கும் வான்கோழிக்கும் வழங்குமாறு இல்லை. ஆகவே, மாட்டை விடுத்து வான்கோழியைக் கொள்பவர், சட்டத்தாற் சிறிதளவேனும் காக்கப்படும் உயிரை விடுத்து, அக்காவலும் இல்லாத உயிரைக் கொள்பவராகின்றனர்.

அந்நாட்டார் நன்றி நவிலும் திருநாளென்று நவம்பர்த் திங்களின் நான்காம் வியாழக்கிழமையைக் கொண்டாடுவர். அந்நாளில் வான்கோழியே தலைமையான உணவு. அதற்கு முன்னர்க் குடியரசுத் தலைவர் ஒன்றிரண்டு வான்கோழிகளை வரவழைத்து அவற்றிற்கு மன்னிப்பு வழங்குவது 1989 முதல் ஆண்டுதோறும் நிகழும் சடங்காயிற்று. மன்னிக்கப்படும் பறவை செய்த குற்றம் யாது? குற்றமில்லாத உயிரை மன்னிப்பதென்றால், மன்னிப்புப் பெறாத கோடிக்கணக்கான பறவைகள் எக்குற்றத்திற்காக ஒறுக்கப்பட்டன? நகையாட்டாகச் செய்யும் அச்சடங்கு, அந்நாட்டார் நெஞ்சத்தின் ஒருமூலையில் அருள் அவியாதிருக்கின்றது என்பதற்குச் சான்றாம். ஓருயிர்மேற் செல்லும் அருளைப் பிறவுயிர்மேற் செல்லவொட்டாது தடுப்பது நாவின் சுவையன்றிப் பிறிதில்லை.

இனி, பசுவைப் போற்றும் மரபினேம், ஆதலிற் பறவையை உண்பேம் என்னும் சைவர் கூற்று. பசுவைப் போற்றுதல் நன்று. அதனை இகழ்வார் ஈண்டு யாருமிலர். ஆயின், பசு என்னும் சொல்லுக்குச் சித்தாந்த சாத்திரங்கள் கொண்ட பொருளை இவர் மறந்தனர். பதி பசு பாசம் என முப்பொருள் கூறுமிடத்துப் பசு என்பது கோவினத்தை மட்டும் குறித்ததன்று. பாசத்தாற் கட்டுண்ட எல்லா உயிர்களையும் குறித்தது. கறவைப்பசுவும் பசு, வான்கோழியும் பசு, அவ்விரண்டையும் உண்ணும் மாந்தனும் பசு. முட்டையிற் பிறப்பன, கருப்பையிற் பிறப்பன எனப் பிறப்பின் வாயில் வேறுபடுதலன்றி, உயிர்க்கு உயிர் வேற்றுமையில்லை. எடுத்த உடம்பு வினைவயத்தான் வந்தது. இன்று மாந்தவுடம்பில் நிற்கும் உயிர் முன்னர்ப் பறவையுடம்பில் நின்றிருத்தலும் கூடும். இவ்வுண்மையை நாள்தோறும் ஓதுவார், நான்குகாலுடைய பசுவை விடுத்து இருகாலுடைய பசுவை உண்பரேல், சொல்லைக் காத்துப் பொருளைக் கைவிட்டாராவர். தமிழ்நாட்டில் ஊனில்லாத உணவிற்கே சைவம் என்பது பெயராய் வழங்குகின்றது. ஒரு சமயத்தின் பெயர் ஓர் அறத்தின் பெயராக உலகவழக்கில் நிலைத்திருக்க, அச்சமயத்தார் அவ்வறத்தைப் பண்டமாற்றுச் செய்தல் தகுமோ?

“மாடு விடும் ஆவியும் மாட்டிற்கு வேண்டும் நிலமும் உலகின் வெப்பத்தை மிகுவிக்கின்றன, வான்கோழியால் விளையும் கேடு அதனிற் குறைவு” என்பாரும் உளர். அஃது உண்மையே, மறுக்கற்பாலதன்று. ஆயின் அவ்வுண்மை அவ்வளவில் நின்றுவிடுவதன்று. வான்கோழி ஒரு கிலோ எடை கூடுதற்கு இரண்டு கிலோவிற்கு மேற்பட்ட தீனி தின்னும். அத்தீனி பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாப்பயறுமாம். பறவையின் வயிற்றுவழியாகச் செலுத்திப் பெரும்பகுதியை இழந்து எஞ்சியதை உண்பதினும், அப்பயற்றை நேரே உண்பது நிலத்திற்கும் நீருக்கும் நலம் என்பது கணக்கறிந்த சிறுவனுக்கும் விளங்கும். பயற்றுவகைகளால் நிலவுலகிற்கு விளையும் கேடு மாட்டூன் வான்கோழியூன் என்னும் இரண்டினாலும் விளைவதினும் குறைவு. ஆதலின் இவர் காட்டிய ஏது இவர் துணிபைக் கடந்து சென்று, கொல்லாமையையே நாட்டிற்று.

“செடிகொடிகட்கும் உயிருண்டே, அவற்றை உண்டல் கொலையன்றோ” என வினவுவார்க்கும் இதுவே விடை. ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக உயிர்களை வகுத்தது தமிழ்மரபு. ஓரறிவுயிருக்கு ஊறுண்டென்பதை அம்மரபு மறைத்ததில்லை. எனினும் அறிவு மிகுந்தோறும் நோவும் மிகும். ஆதலின் ஊறு குறைந்த வழியைக் கொள்ளுதல் உடம்பொடு வாழ்வார்க்கு விதி. அன்றியும் வான்கோழியை உண்பவன் வான்கோழியை மட்டும் உண்டானல்லன். அது தின்ற பயிரனைத்தின் அழிவிற்கும் அவனே ஏதுவாயினான். செடியுயிர்க்கு இரங்குவார் மெய்யாகவே இரங்குவரேல், ஊனை முதற்கண் விடுப்பர்.

இனி, போலியூனும் ஊனே என்பார் கூற்று ஆராயப்படும். போலியூன் இந்நூற்றாண்டிற்கே புதிதன்று. அமெரிக்காவிலேயே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பேட்டில் கிரீக் என்னும் ஊரில் மருத்துவமனை நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக் என்பார் கோதுமைப் புரதத்தாலும் கொட்டைப் பருப்புக்களாலும் ஊனுக்கு மாற்றான உணவுகள் செய்தளித்தார். புதியனவற்றின் வேறுபாடு, ஊனின் செந்நிறத்தையும் சுவையையும் அணுகப் பின்பற்றுதலே. அவற்றுள் ஒன்றிலே, சோயாச்செடியின் வேர்முடிச்சிலுள்ள லெக்ஹீமோகுளோபின் என்னும் செம்பொருளை ஈஸ்டு என்னும் நுண்ணுயிரால் உண்டாக்கிச் சேர்க்கின்றனர். இவ்வுணவின் குற்றங்களும் மறைக்கற்பாலனவல்ல. 2019-இல் வெளிவந்த அவ்வகைத் தட்டையொன்றில், 113 கிராமிற்குத் தேங்காயெண்ணெய் முதலியவற்றான் வந்த நிறைவுற்ற கொழுப்பு 8 கிராமும், சோடியம் 370 மில்லிகிராமும் இருந்தன. கொழுப்பில் அது கொழுத்த மாட்டூனை ஒத்தது; உப்பில் உப்பிடாத ஊனினும் மிக்கது. அச்செம்பொருள் தீங்கற்றதென்று காட்டுதற்பொருட்டு எலிகளுக்கு ஊட்டிச் சோதித்தனர் என்பதையும், அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த பாட்ரிக் பிரௌன் என்பாரே 2017-இல் உடன்பட்டெழுதினார். கொலைதவிர்க்கப் புகுந்தாரும் அவ்வளவில் வழுவினர். அதற்குச் சமாதானம் கூறுதல் சைவர் கடனன்று.

மற்றொருபுறம், 2020-இல் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தார் 36 பேரைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வில், 8 வாரம் தாவரப் போலியூன் உண்டகாலத்துத் தீய கொலஸ்டிரால், ஊனுண்ட 8 வாரத்தினும் குறைந்து காணப்பட்டது. அவ்வாய்விற்குப் பொருள் உதவியது போலியூன் செய்யும் நிறுவனமே என்பதையும் உடன் நினைதல் நடுவுநிலைமையாம். இவற்றான், போலியூன் நஞ்சுமன்று, அமிழ்துமன்று என்பது பெறப்படும்.

ஆயினும், ஊன்போலத் தோன்றுதல்பற்றி அதனை ஊனோடு ஒப்ப விலக்குதல் பொருந்தாது. ஊனுண்டலின் குற்றம் யாண்டு உள்ளது? அதன் நிறத்திலோ, வடிவிலோ, மென்மையிலோ இல்லை, கொலையின்கண் உள்ளது. கொலையை நீக்கியபின் எஞ்சுவது பட்டாணிமாவே. வடிவொப்புமை பற்றிப் பட்டாணிமாவை விலக்குவார், மரத்தாற் செய்த யானையைக் கண்டு அஞ்சுவாரை ஒப்பர். “ஊனின்மேற் செல்லும் அவாவை அது வளர்க்குமன்றோ” எனின், யார்க்கு என்பது வினாவற்பாலது. பிறந்தநாள்தொட்டு ஊனை அறியாத குழவிக்கு ஊன்சுவையைப் போலியாற் புகட்டுதல் வேண்டா வேலையே. ஆண்டு அவர் கூற்று ஓரளவு பொருந்தும். ஐம்பதாண்டு மாட்டூனுண்டு பழகி இன்று விடக்கருதும் ஒருவனுக்கோ, அது கால்முறிந்தான் ஊன்றும் கோல். கோல் காலாகாது, ஆயினும் நடக்கத் தொடங்குவான் கையினின்று கோலைப் பறித்தல் அருளுடையார் செயலன்று. வான்கோழியோ கோலுமன்று; முன்விழுந்த குழியினின்று ஏறி மற்றொரு குழியில் விழுதலேயாம்.

இங்ஙனம் விடைபெற்றபின்னும் நூல்வழக்காற் போரிடுவார் இருதிறத்தினர். கண்ணப்பநாயனார் திருக்காளத்தியில் ஊனமுது படைத்தாரன்றோ என்பர் ஒருசாரார். இறைவன் ஏற்றது ஊனையன்று, அன்பையே என்பது அவ்வரலாற்றைக் கேட்டார் யாவரும் அறிவர். அன்பின் எல்லையாகத் தம் கண்ணையே இடந்தப்பினார் அவர். அவரைச் சான்றாகக் காட்டித் தம் நாச்சுவைக்கு ஊன்தேடுவார், அவர்தம் கண்ணைக் கொடுத்த செயலை மட்டும் சான்றாகக் கொள்ளாமை என்னையோ? புலான்மறுத்தல் திருக்குறளில் துறவறவியலின்கண் வைக்கப்பட்டமையின் அஃது இல்லறத்தார்க்கன்று என்பர் மற்றொருசாரார். கள்ளாமையும் வாய்மையும் அவ்வியலின்கண்ணேயே வைக்கப்பட்டன. இவர் வழிச்செல்லின் இல்லறத்தார் களவாடலாம், பொய்யும் கூறலாம் என்று முடியும். முடியாமையின் அவ்வாதம் போலிவாதமென்று விடுக்க.

“பாலுண்ணும் சைவர் மாட்டைக் கொல்லுதற்குத் துணையாகின்றனர், அமெரிக்காவிற் பால்வற்றிய பசுக்கள் கொத்திறைச்சியாகவே முடிகின்றன” என்று கூறுவார் கூற்று மட்டும் வலியுடைத்து. அது மெய். ஆயின், அதனாற் போந்த முடிபு, வான்கோழியையும் உண்க என்பதன்று. பாலும் எங்கிருந்து வருகின்றதென்று ஆராய்க என்பதே. ஒருவழியில் உள்ள குறையைக் காட்டி மற்றொரு குறையைப் புகுத்துதல் வழக்கறிவார்க்கு அழகன்று.

முடிவாக, நாளுணவிற்கு வேண்டுவது யாது? மக்காச்சோளமும் அவரையினமும் பூசணியும் ஒருங்கு பயிரிட்டு உண்டு வாழ்ந்தோர் அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகளே. வான்கோழி பிறந்த அந்நிலமே, கருங்காராமணி போன்ற நிறமுடைய கறுப்பு பீன்சும் செந்நிற ராஜ்மாவும் பிறந்த நிலம். டாக்கோவிற் கறுப்பு பீன்சையும், சில்லிக் குழம்பில் ராஜ்மாவையும் இட்டுச் சமைப்பின் அந்நாட்டுச் சுவையும் கெடாது, உயிரும் கெடாது. உலர்ந்த துவரையும் பயறும் 100 கிராமிற்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம் தருவன. எலுமிச்சையும் தக்காளியும் உடன்சேரின் பயற்றின் இரும்புச்சத்து உடம்பிற் சேர்தல் எளிதாகும். பி12 என்னும் உயிர்ச்சத்தைப் பாலுண்பார் பாலாற் பெறுவர். பாலும் விடுத்தார் அதனை மருந்தாகக் கொள்ளல் வேண்டும். செவ்வனே அமைத்த மரக்கறியுணவு உடம்பிற்கு நலந்தருவதென அமெரிக்க உணவியல் வல்லுநர் கழகமே 2016-இல் வெளிப்பட உரைத்தது. ஆதலின் மகவு மெலியுமென்று அஞ்சி ஊனூட்டும் தாய்தந்தையரின் அச்சத்திற்கு இடமில்லை.

அந்நாட்டிற் பள்ளிக்குச் செல்லும் சைவக்குழந்தை, தோழரோடு ஒருங்கிருந்து உண்ணும்வேளையில், “நீ ஏன் இதனை உண்பதில்லை” என்று வினவப்படும். “அது பசு; ஆதலின் உண்பதில்லை” என்று மட்டும் கற்பிக்கப்பட்ட குழந்தை, மறுநாள் வான்கோழியை நீட்டினால் விடையின்றி நிற்கும்; பெற்றோரே அதனை வீட்டிற் சமைப்பரேல் வினாவே எழாது போம். “அதற்கும் நோகும், ஆதலின் உண்பதில்லை” என்று கற்பிக்கப்பட்ட குழந்தையோ எவ்வூனை நீட்டினும் ஒரேவிடை கூறும். அவ்விடையைக் கேட்ட தோழனும் ஒருநாள் தன் தட்டை நோக்கி நினைந்து பார்ப்பான். நான்கு சொல்லில் அடங்கும் அவ்வறத்தை மக்கட்கு அளித்தலினும், அவர்க்கு வைக்கத்தக்க பெரும்பொருள் பிறிதில்லை.

மாடு, வான்கோழி என்னும் இரண்டனுள் எதனைக் கொல்லலாம் என்று ஆராய்வது அருளாராய்ச்சியாகாது. இரண்டனையும் வாழவிட்டு உண்ணும் வழி நெடுங்காலமாகத் திறந்தே கிடக்கின்றது. அவ்வழியில் நின்றார் பெயர்தல் வேண்டா, வாராதார் வருக, கோலூன்றி வருவாரையும் இன்முகத்தோடு ஏற்றுக்கொள்க.

திருச்சிற்றம்பலம்.